பேசும் படமும் பேசாத ஓசைகளும்

பேசும் படம் என்று நாம் பெயர் வைத்தோம். அப்பெயரிலேயே ஒரு குறை இருக்கிறது. படத்திலே பேச்சு வந்தது; பேச்சைத் தொடர்ந்து பாட்டு வந்தது; பாட்டைத் தொடர்ந்து வாத்தியக் கோஷ்டியும் வந்து சேர்ந்தது. ஆனால் மனிதன் நடக்கையிலும், கதவு திறக்கையிலும், மழை பெய்கையிலும், வேலை நடக்கையிலும் எழுகின்ற ஓசைகளுக்கு மட்டும் நம் படங்களிற் பெரும்பாலானவற்றில் இன்றளவும் மரியாதையான இடம் கிடைத்தபாடில்லை. இவ்வோசைகளை எவ்வாறு திட்டமிட வேண்டும், எவ்வாறு பதிவு செய்ய வேண்டும், எதன்பொருட்டுச் செய்ய வேண்டும் என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம். இஃது ஏதோ தொழில் நுட்பக்காரர்களின் தனி விவகாரம் என்று தோட்டத்து வாசகர்களோ நகரத்து வாசகர்களோ ஒதுக்கிவிட வேண்டாம். நம் மக்கள் வாழ்ந்த வாழ்வைப் பற்றிய உண்மை இதிலே அடங்கியிருக்கிறது.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இந்தியாவின் முதற் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா' 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் பம்பாயில் வெளியாயிற்று. அதனை எடுத்த அர்தேஷிர் இரானியின் ஸ்டூடியோவுக்கு அருகே ரயில் பாதை சென்றது. ரயிலோசை ஒலிப்பதிவிலே புகுந்துவிடாமலிருக்கும் பொருட்டு, வண்டிகள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே பெரும்பாலும் படம் பிடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி தமிழிலே பேசினார். கதாநாயகனோ தெலுங்கிலே பேசினார். அன்றைய கருவிகளின் நிலைமையில் வெளியோசை யாவும் பகையாகவே கருதப்பட்டது. அதனை நாம் குறை கூறவில்லை. கருவி மாறிய பின்னும் அப்பகைமை மாறவில்லையே என்பதுதான் நமது குறை.

அமெரிக்காவிலோ, ஏறக்குறைய அதே காலத்தில், யூனிவர்சல் ஸ்டூடியோவிலிருந்த ஜாக் ஃபோலி என்பவர் வேறொரு வழியைக் கையாண்டார். 1929-ல் வெளியான 'ஷோ போட்' என்னும் படத்துக்கு ஒலி சேர்த்த நாள் தொட்டு, திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே காலடியையும் கைத்தட்டலையும் ஆடைச் சலசலப்பையும் தாமே எழுப்பிப் பதிவு செய்யும் முறை வளர்ந்தது. இன்றும் அத்தொழில் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓசையைத் துரத்தாமல், வேண்டிய ஓசையை வேண்டிய இடத்தில் வைப்பது என்பதே அவர் காட்டிய வழி.

இவ்வழி தமிழனுக்கு அந்நியமானதன்று. இரட்டைக்கிளவியைப் பற்றித் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே கூறியிருக்கிறார். நீர் சலசலக்கும், சிரிப்புக் கலகலக்கும், சருகு சரசரக்கும், மழை சடசடக்கும், இறகு படபடக்கும். ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு சொல் வைத்து வாழ்ந்த மக்கள் நாம். அத்தகைய மக்களின் படத்திலே, எந்த நாட்டிலோ எவரோ பதிவு செய்து விற்கும் ஒரே மழையை எல்லாக் காட்சிக்கும் ஊற்றுகிறார்களே, இது தகுமா என்று கேட்கிறோம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் இருக்கிறது தெலுக் பங்லிமா காராங். இன்று அங்கே தொழிற்சாலைகள் நிறைந்த தடையற்ற வாணிப வட்டாரம் உண்டு; லங்காட் ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவிலே செம்பனைக் காடு பரந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் இவ்வட்டாரமெங்கும் கித்தா மரங்கள் நின்றன. 1941-ஆம் ஆண்டில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் முன்னிற்க, இவ்வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நடக்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டிலே தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள்.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு நிமிடக் காட்சியொன்றை நம் இளைஞர் எவரேனும் எடுக்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி சைக்கிளில் வருகிறான். எதிரே துரை வருகிறார். இவன் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து போகிறான். இவ்வளவே காட்சி. வழக்கமாக என்ன செய்வார்கள்? சோகமான வயலினை வாசிக்கச் செய்வார்கள். தொழிலாளியின் கண்ணில் நீரைக் காட்டுவார்கள். பார்ப்பவரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறந்துவிடுவார்.

ஆனால் அந்தச் சைக்கிளே அவ்விஷயத்தைச் சொல்லக்கூடும். மிதித்துக்கொண்டு வரும்போது சங்கிலியின் மெல்லிய இரைச்சலன்றி வேறு ஓசையில்லை. மிதிப்பதை நிறுத்தியவுடன் பின் சக்கரத்தின் பிரீவீலுக்குள்ளிருந்து விரைவான ஒரு டிக்டிக் ஓசை கிளம்புகிறது. பிரேக் கட்டை உராய்கிறது. வெறுங்கால் செம்மண் சடக்கில் பதிகிறது. பிறகு வண்டியைத் தள்ளும்போது அதே டிக்டிக் ஓசை, நடையின் வேகத்துக்கு ஏற்ப, ஒன்றன் பின் ஒன்றாக எண்ணத்தக்கபடி கேட்கிறது. துரையின் சப்பாத்து ஓசையோ நடை மாறாமல் போகிறது. மீண்டும் ஏறி மிதித்ததும் டிக்டிக் ஓசை நின்றுபோகிறது. சுயமரியாதை இழக்கப்பட்ட நேரம் எவ்வளவு என்பதைச் செவி அளந்து சொல்லிவிடுகிறது. இதற்கு வயலின் எதற்கு?

ஆகவே திட்டமிடுதல் என்பது காட்சியைத் தாளிலே பிரித்து எழுதுவதில் தொடங்குகிறது. எந்த விநாடியில் எந்த ஓசை, அதை எழுப்பும் பொருள் யாது, அருகிலா தொலைவிலா, எவருடைய செவி அதைக் கேட்கிறது என்று நான்கு பத்தி போட்டு எழுத வேண்டும். ஓசைகளையும் மூன்றாகப் பிரிக்கலாம். இடத்தின் பொது ஓசை ஒன்று. மனிதரின் அசைவும் நடையும் எழுப்பும் ஓசை ஒன்று. மணி, வண்டி, துப்பாக்கி போன்ற தனி ஓசை ஒன்று. இம்மூன்றையும் தனித்தனியே பதிவு செய்தால்தான் பின்னர் ஒன்றைக் கூட்டவும் ஒன்றைக் குறைக்கவும் முடியும்.

நான்காவது பத்தியைத்தான் நம்மவர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தகரக் கூரையின் மேல் மழை விழும் ஓசை நகரத்து வீட்டிலே போர்த்திப் படுத்திருப்பவருக்கு இனிமை. பால் வெட்டுபவருக்கோ, மரப்பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. அதே மழை, அதே தகரம், செவி வேறு. லயத்துக்குள்ளே ஒரு தாய் விழித்திருந்து கேட்கும் மழையைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஒலிவாங்கியைக் கூரையின் கீழே, அவள் தலை இருக்குமிடத்தில் வைக்க வேண்டும். வெளியே நின்று பிடித்த மழை அவளுடைய மழை ஆகாது.

பருவமும் கவனிக்கத்தக்கது. கித்தா மரம் இலை உதிர்க்கும் காலம் வேறு. அதன் காய் முற்றிப் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும் காலம் வேறு. சருகு நொறுங்கும் நடையோடு காய் வெடிக்கும் ஓசையையும் சேர்த்துவிட்டால், தோட்டத்திலே பிறந்தவர் எவரும் அக்கணமே சிரித்துவிடுவார். அன்றியும், இன்று அங்கே செம்பனை நிற்கிறதே என்று செம்பனைக் காட்டிலே காற்றைப் பதிவு செய்து 1941-ஆம் ஆண்டுக்குப் பொருத்தவும் கூடாது. செம்பனை மட்டை காற்றில் உரசும் ஓசை முரடானது. கித்தா இலையின் சலசலப்பு மென்மையானது. செம்பனையில் குலை வீழ்ந்து நிலம் அதிரும். கித்தாக்காட்டிலோ உளி பட்டையைச் சீவும் ஓசையும், மங்கும் வாளியும் மோதும் ஓசையுமே எழும். இரண்டு பயிரும் இரண்டு காலத்தின் உழைப்பு.

பதிவு செய்யும் இடத்திலே வேறு தொல்லையும் உண்டு. தெலுக் பங்லிமா காராங்கில் பகலிலே ஒலிவாங்கியை நீட்டினால் துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளும், நெடுஞ்சாலையின் இரைச்சலும், தொழிற்சாலை இயந்திரமுமே முதலில் புகும். ஆதலின், பம்பாய்க்காரர்கள் 1931-ல் செய்ததைப்போல, ஊர் அடங்கிய பின்யாமத்தையே நாட வேண்டியிருக்கும். பொருளுக்கு மிக அருகில் ஒலிவாங்கியை வைத்தல், காற்றுத் தடுப்பு உறையிடுதல், மிக உரத்த ஓசையும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை அமைத்தல், விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் தரத்தில் 24 பிட்டில் பதிதல், ஒவ்வோர் ஓசையையும் பலமுறை எடுத்துப் பெயரிட்டு வைத்தல், எவரும் அசையாமல் அவ்விடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடமாவது பிடித்தல், இவையெல்லாம் செலவில்லாத ஒழுங்குகள். படம் விநாடிக்கு 24 கட்டங்களாக ஓடுகிறது. காலடியோசை சில கட்டங்கள் தவறினாலும் கண்ணுக்கும் செவிக்கும் பிணக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக் குதிரைக் குளம்போசை என்கிறீர்கள், தகரத்தை ஆட்டி இடி என்கிறீர்கள், இத்தொழிலே பொய்யாயிருக்க, இதிலே உண்மை எங்கே?" என்று கேட்பார்கள். இக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. நமது விடை இதுதான்: பொருள் மாறலாம், செய்தி மாறலாகாது. பழைய சைக்கிள் கிடைக்காவிட்டால் வேறு பிரீவீலைச் சுழற்றிக்கொள்ளுங்கள்; எவரும் குற்றம் சொல்லார். ஆனால் இறங்கித் தள்ளியவனின் நடையை விரைவாக்கி, அவ்விழிவை ஒரு நொடியில் முடித்துவிட்டால் அதுவே பொய். முன்னது கைத்திறன், பின்னது வரலாற்றுக்குத் துரோகம்.

"வாத்தியமில்லாத படத்தை நம் மக்கள் பார்ப்பார்களா?" என்பது இன்னொரு தடை. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' 2024-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் திரையரங்குகளுக்கு வந்தது. அதிலே பின்னணி இசை அறவே இல்லை. ஆட்டோவின் இரைச்சலும் சாலையின் ஓசையும் மனிதரின் சச்சரவுமே உண்டு. கதாநாயகியோ ஏறக்குறைய படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. சுற்றியுள்ளோர் போடும் கூச்சல் அனைத்தும் அவளுடைய மௌனத்தைச் சுற்றியே எழுவதால், அம்மௌனம் எதிர்ப்பாகவே நம் காதில் விழுகிறது. பாட்டை வெறுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. பாட்டு எங்கே வாயை மூட வேண்டும் என்பதை நம் படக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே பொருள்.

நம் நாட்டிலும் தோட்டத்து வாழ்வைப் படமாக்கும் முயற்சி இல்லாமற் போகவில்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-ஆம் ஆண்டிலும், தோட்டத்தை இழந்தவர்களின் கதையாகிய சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-ஆம் ஆண்டிலும் வந்தன. அவ்வழியே இன்னும் பலர் வர வேண்டும். கையிலுள்ள தொலைபேசியே படப்பெட்டியாகிவிட்ட இக்காலத்தில் கருவி இல்லை என்ற சாக்குச் செல்லாது.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது. பெரட்டுக் களத்தின் மணி எப்படி ஒலித்தது, எந்த உளி எந்தப் பட்டையில் எப்படிச் சீவியது, துரை வரும் ஓசையைக் கேட்டதும் லயத்திலே எந்த ஓசை அடங்கிற்று என்பவற்றைச் செவியால் அறிந்தவர்கள் இன்று முதியோர். எந்த விற்பனைப் பட்டியலிலும் அவ்வோசைகள் கிடையா. ஆகையால், படமெடுக்கும் இளைஞர்கள் முதலில் தங்கள் பாட்டியிடமும் தாத்தாவிடமும் சென்று, என்ன பார்த்தீர்கள் என்பதோடு என்ன கேட்டீர்கள் என்றும் விசாரித்துப் பட்டியல் எழுதிக்கொள்ளட்டும். பதிவு செய்த ஓசையை அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டட்டும். அவர்கள் ஆம் என்று தலையசைத்த பிறகு அதனைப் படத்திலே சேர்க்கட்டும்.