எட்டு எம்எம் ஏலக்காய்: கூடுதல் விலைக்குத் தகுமா?

பளபளக்கும் டப்பா, 'மலைத்தோட்டத்திலிருந்து நேரடியாக' என்ற வாசகம், உள்ளே கொழுத்த பச்சை ஏலக்காய். இணையத்தில் ஆர்டர் போட்டால் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மளிகைக்கடை விலையைவிட அதிகம்தான். அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்தால், ஏமாறாமல் வாங்கலாம். வாங்கியதை ரசிக்கவும் செய்யலாம்.

இந்தக் காயின் சந்தை போடிநாயக்கனூர். தேனி மாவட்டப் பெண்கள் விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிறார்கள். பச்சைக்காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் காயவைக்கிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் வற்றி 1 கிலோ ஆகும். போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. விலை நிலையாக நிற்பதே இல்லை: 2019 ஆகஸ்டில் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, இரண்டு, மூன்று ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஆகவே டப்பாவின் விலையை அன்றைய ஏல விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்

7 எம்எம், 8 எம்எம் என்பதெல்லாம் சல்லடைக் கணக்கு. காய் எவ்வளவு பருமன் என்று மட்டும் அது சொல்லும். வெயில் படாமல் பதமாக உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். ஆனால் சாயம் ஏற்றிய காயும் உண்டு. நாலைந்து காயை வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். நீர் பளிச்சென்று பச்சையானால் அதை வாங்காதீர்கள்.

கை

வியாபாரிகள் பார்ப்பது லிட்டர் எடை: ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் காய் பிடிக்கிறது என்று. 400 கிராமுக்கு மேல் நின்றால் விதை நிறைந்த காய். வீட்டில் ஒரு காயைப் பிளந்தாலே போதும். மூன்று அறைகளிலும் கருத்த விதைகள் பிசுபிசுப்போடு ஒட்டியிருக்க வேண்டும். வெளுத்துச் சுருங்கியிருந்தால் பிஞ்சிலே பறித்த காய்.

மூக்கும் நாக்கும்

வாசனை எண்ணெய் இருப்பது விதையில். தோலில் மிகக் குறைவு. இரண்டு விதையை மெல்லக் கடியுங்கள். முதலில் தைலம் போன்ற குளிர்ச்சி தொண்டையில் இறங்கும், அது சினியோல். பின்னால் பூவாசனையுடன் இனிப்பு வரும். அது டெர்பினைல் அசிடேட். நல்ல காயில் இரண்டும் தெரியும், பின்மணம் சில நிமிடம் தங்கும். பழங்காயில் காரமும் மரவாசனையும்தான் மிஞ்சும். பால் சேர்க்காத கட்டன் சாயாவில் ஒரு காயைத் தட்டிப் போட்டால் இந்த வித்தியாசம் தெளிவாகப் புரியும்.

எதற்கு எவ்வளவு?

பிரியாணியில் முழுக்காயாகக் கிடக்க வேண்டும், விருந்துக்கோ பரிசுக்கோ வேண்டும் என்றால் 8 எம்எம் வாங்குங்கள்; அழகுக்குத் தரும் விலை அது. பாயசம், டீ, கேசரிக்குத் தட்டித்தானே போடுகிறோம்? இந்தப் பருவத்தில் பறித்த 6, 7 எம்எம் காய் தாராளம்.

கூடுதல் காசு கொடுக்க நியாயமான காரணம் ஒன்று உண்டு: பூச்சிமருந்துப் பரிசோதனை. சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் வரம்பை மீறியதாகச் சொல்லி, 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாத விற்பனையையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த உத்தரவை 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு முடிந்தாலும் கேள்வி நம் சமையலறையில் இருக்கிறது. ஆய்வக அறிக்கை காட்டும் விற்பனையாளருக்குத் தாராளமாகக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பறித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். பொடியாக வாங்காதீர்கள். ஐம்பது, நூறு கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.