விஸ்கி ருசியும் ஊறல் வாசமும்

சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் என்னை விஸ்கி ருசிபார்க்கும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெருநகரத்து ஓட்டல் ஒன்றின் மாடி அறை. பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் அடி பருத்து வாய் குறுகிய ஐந்து கண்ணாடிகள், ஒரு தம்ளர் தண்ணீர், துப்புவதற்கு ஒரு குவளை. நடத்தியவர் விஷயம் தெரிந்தவர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மூக்குக்குத்தான் முதல் வேலை, நாக்குக்கு அப்புறம்தான் என்றார். முதல் கண்ணாடியில் பீப்பாயில் போடாத, வடித்த கையோடு எடுத்த சாராயம். தண்ணி மாதிரி வெள்ளையாக இருந்தது. "என்ன வாசம் வருகிறது? தயங்காமல் சொல்லுங்கள்" என்றார். ஒருவர் பேரிக்காய் என்றார். ஒருவர் ரொட்டி மாவு என்றார். ஒரு அம்மா ஈர வைக்கோல் என்றார். என் முறை வந்தது. "ஊறல் வாசம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டு, பானையை மண்ணில் புதைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் குப்பென்று ஒரு புளிப்பு மூக்கில் அடிக்கும், அதுதான் என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது. மாவு புளிக்கும்போது வரும் வாசம்தான் இது, சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்றார். பக்கத்து நாற்காலிக்காரர், நன்றாகப் படித்த மனுஷர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரணுமா சார்!" அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ஒரே கண்ணாடி. ஒரே வாசம். அதைப் பேரிக்காய் என்று சொன்னவருக்கு ரசனை இருக்கிறது. ஊறல் என்று சொன்னவனுக்குச் சாதி இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது குடிக்கு வக்காலத்து இல்லை. குடி எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த ஐந்து கண்ணாடிகளைப் பற்றி நியாயமாகப் பேசுவோம். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதெல்லாம் பணக்காரன் கட்டின கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பக்கத்து மால்ட்டில் ஆப்பிள், பேரிக்காய் மாதிரி ஒரு பழவாசம் வரும். முளைகட்டின பார்லியை நொதிக்கவிடும்போது பிறக்கிற வாசம் அது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்தது என்றால் உலர்திராட்சை, அத்திப்பழம். ஐலே தீவுச் சரக்கு வேறு ரகம். அங்கே சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செடிகொடி மக்கிக் கருத்துப்போன மண்ணை வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். பீட் என்று பெயர். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால் லஃப்ராய்க், ஆர்ட்பெக் போன்றவற்றில் புகையும் மருந்தும் சேர்ந்து மணக்கிறது. எனக்குக் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியின் டிங்ச்சர் பாட்டிலும் கருவாட்டுக் கூடையும் ஞாபகத்துக்கு வந்தன. ஐரிஷ் விஸ்கியைப் பெரும்பாலும் மூன்று தடவை வடிப்பார்கள். வழவழப்பாக இறங்கும். முளைகட்டாத பார்லியையும் சேர்த்துக் காய்ச்சுகிற ரெட்பிரெஸ்ட் போன்ற ரகத்தில் எண்ணெய்ப் பசையும் மிளகுக் காரமும் இருக்கும். அமெரிக்காவின் போர்பனில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 சதம் சோளம் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதுவும் உள்பக்கம் தீயில் கருக்கிய புதுப் பீப்பாயில் ஊறவேண்டும். கருகிய ஓக் மரம்தான் அதற்கு வெனிலாவையும் காய்ச்சின சர்க்கரையின் வாசத்தையும் கொடுக்கிறது. ஒருமுறை போர்பன் வைத்த பீப்பாயில் மறுமுறை போர்பன் வைக்க முடியாது என்பதால் காலிப் பீப்பாய் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகிறது. ஸ்காட்சில் வெனிலா மணக்கிறது என்று எழுதுகிறவன் பாதிநேரம் அமெரிக்கக் காட்டு மரத்தைத்தான் முகர்கிறான்.

என் மதிப்பீடு: போர்பன் முதல் வாயிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. ஐலே முதலில் விரட்டுகிறது, பிறகு விடமாட்டேன் என்கிறது. ஐரிஷ் ரகம் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் திறந்துகொள்கிறது. ஐந்தில் மறுபடி ஒரு வாய் கேட்கத் தோன்றியது ஐலேதான்.

ஆக, ருசி பொய்யில்லை. ருசிக்கு வைத்த பேர்களில்தான் வில்லங்கம். 1979இல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள் விஸ்கி வாசங்களை ஒரு சக்கரத்தில் பிரித்து அடுக்கினார்கள். தொழிற்சாலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் புரிகிற மாதிரி பேசிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. 1989இல் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, இங்கிலாந்துப் பத்திரிகையாளர்) மால்ட் விஸ்கிகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுப் புத்தகம் எழுதினார். பின்னால் ஜிம் மர்ரே வந்து மணத்துக்கு 25, நாக்குக்கு 25, கடைசியில் நிற்கிற ருசிக்கு 25, சமநிலைக்கு 25 என்று வகுத்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரிதான். இவர்கள் வகையில் எழுதப்படும் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கேக், தோல் நாற்காலி, பழைய நூலகம், சுருட்டுப் பெட்டி. இதெல்லாம் யார் வீட்டுச் சாமான்? தோல் நாற்காலியின் வாசத்தை ஒருவன் உட்கார்ந்து அறிகிறான். தோல் பதனிடும் தொட்டியில் இறங்கியவன் வேறு விதமாக அறிகிறான். இரண்டாவது அறிவுக்குச் சக்கரத்தில் இடமில்லை. 2020இல் பெக்கி பாஸ்கின் என்ற எழுத்தாளர், மர்ரேயின் புத்தகத்தில் விஸ்கியைப் பெண்ணுடம்போடு ஒப்பிட்டு எழுதிய வரிகளை எடுத்துப் போட்டுக் கேள்வி கேட்டார். மர்ரே மறுத்தார். ஆனாலும் பெரிய கடைக்காரர்கள் சிலர் அந்தப் புத்தகத்தை விற்பதை நிறுத்தினார்கள். நாக்கு நடுநிலையானது என்ற நம்பிக்கையில் அன்றைக்கு ஒரு ஓட்டை விழுந்தது.

இனி ஐந்தாவது கண்ணாடிக்கு வருகிறேன். டென்னஸி விஸ்கி. வடித்த சாராயத்தைப் பீப்பாயில் ஊற்றுவதற்கு முன்னால் சர்க்கரை மேப்பிள் மரக்கரியின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். ஜாக் டேனியல்ஸில் அந்தக் கரி பத்தடி ஆழம். அதனால் முரட்டுத்தனம் போய், வாழைப்பழம் கனிந்த மாதிரி ஒரு இனிப்பு முன்னால் வருகிறது. நடத்தியவர் கரியைப் பற்றிச் சொன்னார், ஊற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னார், ஜாக் டேனியலின் குள்ள உருவத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். நியரெஸ்ட் கிரீன் என்ற பெயர் அவர் வாயில் வரவில்லை.

நியரெஸ்ட் கிரீன் ஒரு கறுப்பர், அடிமை. டான் கால் என்ற போதகரின் பண்ணைக்குக் கூலிக்கு அனுப்பப்பட்டவர். கூலி அவருக்கு இல்லை, அவரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. அந்தப் பண்ணையில் சாராயம் வடிப்பதில் கைதேர்ந்தவர் அவர்தான். அங்கே வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பையன் ஜாக் டேனியல் அவரிடம்தான் தொழில் கற்றுக்கொண்டான். 1865இல் அடிமைமுறை ஒழிந்தபிறகு ஜாக் டேனியல் சொந்தமாகத் தொழில் நடத்தியபோது முதல் தலைமை வடிப்பாளர் கிரீன்தான். அவர் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1904 வாக்கில் எடுத்த போட்டோவில் ஜாக் டேனியலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்திருக்கிறார். அது கிரீனின் மகன் ஜார்ஜ் என்று நம்புகிறார்கள். 1967இல் வந்த ஜாக் டேனியல் வாழ்க்கை வரலாற்றிலேயே நியரெஸ்டின் பெயர் அச்சில் இருக்கிறது. இருந்தும், 2016இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2017இல்தான் கம்பெனி அவரை முதல் தலைமை வடிப்பாளர் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஃபான் வீவர் என்ற கறுப்பினப் பெண் அவர் பெயரிலேயே ஒரு விஸ்கியை வெளியிட்டார். அதன் சரக்கைக் கலந்து ருசி நிர்ணயிக்கும் பொறுப்புக்கு வந்த விக்டோரியா ஈடி பட்லர், கிரீனின் வம்சத்துப் பெண். 2025இல் அந்தக் கம்பெனி கடன் வழக்கில் மாட்டி, கோர்ட் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. பெயரை மீட்கிறது ஒரு சண்டை, மீட்ட பெயரை முதலாளித்துவச் சந்தையில் காப்பாற்றுவது இன்னொரு சண்டை.

இது ஒரு ஆளின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 1797இல் விஸ்கி காய்ச்சத் தொடங்கினார்கள். 1799இல் ஏறக்குறைய 11,000 காலன் வடித்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய சாராய ஆலைகளில் அதுவும் ஒன்று. மேற்பார்வைக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். காய்ச்சியவர்கள் அடிமைகள்: ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோதி. பண்ணையின் ஏட்டில் உடைமைக் கணக்காக எழுதப்பட்டதால் பெயராவது மிஞ்சியது.

எங்கள் தாத்தாவுக்கு அதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது போலீஸ் கேஸ்தான்.

மதுவிலக்கு இருந்த காலம், 1960கள். ஊரில் பெரிய வீட்டு ஆண்டைக்குத் தாத்தா சாராயம் காய்ச்சிக் கொடுத்தார். வெல்லம் ஆண்டையுடையது, கொல்லி ஆண்டையுடையது, விற்ற காசு ஆண்டையுடையது. ஊறல் பதமாகிவிட்டதா என்று பானையில் காதை வைத்துக் கேட்பாராம். இரைச்சல் அடங்கினால் பதம். முதலில் சொட்டுவதைக் கீழே கொட்டிவிடுவார், "அது தலையைப் பிளக்கும்டா" என்பார். நடுவில் வருவதுதான் சரக்கு. கடைசியில் வருவது தண்ணிச்சாரமாகப் போய் நாறும், அதை நிறுத்திவிடவேண்டும். ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தே எப்போது நிறுத்துவது என்று சொல்லிவிடுவார். ஸ்காட்லாந்து ஆலைகளில் தலை, நடு, வால் என்று பிரிப்பதும் இதேதான். அதை முடிவுபண்ணுகிறவரை அங்கே கலைஞர் என்கிறார்கள்.

நல்ல சரக்கு ஆண்டையின் வெள்ளி டம்ளருக்குப் போகும். தாத்தாவுக்குச் சிரட்டையில், தூக்கி ஊற்றுவார்கள். போலீஸ் வந்த அன்றைக்கு ஆண்டை வெளியூர் போயிருந்தார். தாத்தா மூன்று மாசம் ஜெயிலில் இருந்தார். அப்புறம் சாகும்வரை அவர் பேர் சாராயக்காரன். ஆண்டை பேர் ஆண்டைதான்.

ஸ்காட்லாந்திலும் ஒரு காலத்தில் மலைக்குள் ஒளித்துத்தான் காய்ச்சினார்கள். 1823இல் சட்டம் தளர்ந்தது. 1824இல் கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் லைசென்ஸ் வாங்கினார். கள்ளச்சரக்குக் காலம் இன்றைக்கு அவர்களுக்கு வீரகதை. லேபிளில் போட்டு விற்கிறார்கள். இங்கே 1987 முதல் கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை, எல்லாம் ‘அயல்நாட்டு வகை’ மது. 2003 முதல் சில்லறை வியாபாரமும் டாஸ்மாக் மூலம் அரசாங்கத்தின் கையில். அந்த அயல்நாட்டு வகை விஸ்கியில் பெரும்பகுதி என்ன? சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயம், கொஞ்சம் மால்ட், நிறம். ஐரோப்பிய நாடுகளின் சட்டத்தில் அதை விஸ்கி என்று பேர் போட்டு விற்க முடியாது. கரும்பு வெட்டுகிறவன் சேரிக்காரன், அந்தக் கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சினதைத் திரும்ப அவனிடமே விற்கிறார்கள். பேர்களைப் பாருங்கள்: ஆபீசர்ஸ் சாய்ஸ், ராயல் ஸ்டாக், இம்பீரியல் ப்ளூ, டைரக்டர்ஸ் ஸ்பெஷல். ஆபீசர், ராஜா, சாம்ராஜ்யம், டைரக்டர். குடிக்கிறவன் கொத்தனாரும் மூட்டை தூக்குகிறவனும். இந்திய விஸ்கி என்றாலே மட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன் பார்லியில் காய்ச்சினது, ஜிம் மர்ரேயின் 2010 பதிப்பில் உலகத்திலேயே மூன்றாவது என்று இடம் பிடித்தது. நல்லது இங்கேயும் காய்ச்ச முடியும். அது யாருக்கு என்பதுதான் கேள்வி.

நின்றுகொண்டே ஊறுகாயைத் தொட்டு ஒரே மடக்கில் இறக்குகிறவனுக்கு ருசி தெரியாது என்கிறார்கள். ருசிபார்க்கும் நிபுணர் வாயில் வைத்துத் துப்புகிறார், ஒரு கண்ணாடிக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிறார். இவனுக்கு இருபது நிமிஷம் ஏது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம். "வாயில வச்சதுமே தெரிஞ்சிருக்காதா?" என்று ஒருவர் டீக்கடையில் கேட்டார். தெரியாது ஐயா. அது பானையில் சொட்டின முதல் வடி இல்லை, ஆலைகளில் புழங்குகிற ரசாயனம். மணத்திலும் ருசியிலும் சாராயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கள் தாத்தாவின் நாக்கும் தோற்றிருக்கும்.

கடைசியாக எங்கள் ஆயா. அவர் ஊறல் பானையை இரண்டுமுறை கடப்பாரையால் உடைத்தவர். தாத்தா ஜெயிலில் இருந்த மூன்று மாசமும் நடவுக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். தாத்தாவின் கைத்திறமையை நான் பெருமையாகப் பேசினால், "அவன் நாக்க நீ மெச்சிக்க, என் வயித்த யாரு மெச்சறது?" என்பார். இந்தக் கேள்வியைத் தாண்டிக் குடியைப் பற்றி ஒரு விமர்சனமும் எழுத முடியாது. தாத்தாவின் திறமை உண்மை, ஆயாவின் கோபமும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், லாபம் மட்டும் வேறு வீட்டுக்குப் போயிருப்பது தெரியும்.

ஆகவே பக்கத்து நாற்காலிக்காரருக்கு என் பதில் இதுதான். ஆமாம் சார், எங்க ஆளுங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாக் டேனியலுக்கும் சொல்லிக்கொடுத்தது நியரெஸ்ட் கிரீன்தான். நீங்கள் பேரிக்காய் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் என் குறிப்பில் ஊறல் என்றே எழுதுவேன். அதற்குப் பக்கத்தில் காய்ச்சியவரின் பெயரையும் எழுதுவேன்.