மாமியாரைக் கேட்டார்கள், மருமகளைக் கேட்கவில்லை
இந்தியக் குடும்பம் பற்றிய ஆய்வுகளில் தலைமுறைகள்

1986-இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில், நடுவே கிழித்த கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து கிடந்த வீடு கடைசியில் ஒன்றுசேரும். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஒன்றுசேர்த்து வைத்த மூத்த மருமகளே, ‘இனி நாங்கள் தனிக்குடித்தனம்தான், விடுமுறைக்கு வந்து போகிறோம்’ என்று பெட்டியைக் கட்டுவாள். தமிழ்க் குடும்பங்கள் திரண்டு போய்ப் பார்த்த இந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே பதில் சொன்னவள் மருமகள். நம் சமூகவியலில் அந்தக் கேள்வி வெகுகாலம் அவளிடம் போகவே இல்லை.

ஹென்றி மெயினின் ‘பழஞ்சட்டம்’ 1861-இல் வெளிவந்தது. அதிலிருந்தே இந்தியக் குடும்பம் என்றால் பங்காளிகள், பாகம், பிரிவினை என்று சட்டத்தின் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேரூன்றியது. ஒரு காலத்தில் எல்லோரும் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார்கள், நகரமும் ஆலையும் வந்து அதைக் கலைத்தன என்ற கதை அதிலிருந்து கிளைத்தது. அதை அசைத்தவர்களில் குஜராத்தை ஆராய்ந்த இருவர் முக்கியமானவர்கள். மஹுவா என்ற சிறு நகரை ஆராய்ந்து ஐ.பி. தேசாய் 1964-இல் எழுதிய நூல், அடுப்பு தனியாவதும் குடும்பம் தனியாவதும் ஒன்றல்ல என்றது. சொத்து, கடமை, நல்லது கெட்டதுக்குப் போய் நிற்பது ஆகியவற்றில் தனி வீடுகளும் கூட்டாகவே இருந்தன. ஏ.எம். ஷா 1973 நூலில் ஒரு கிராமத்தின் 1825-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் புரட்டினார். ஆலை வருவதற்கு வெகுமுன்பே அங்கே சிறு குடும்பங்கள் ஏராளம்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. விடுதலைக் காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள்தான். குழந்தைச் சாவுகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பேரன் கல்யாணத்தைப் பார்த்த தாத்தாக்கள் குறைவு. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் நீண்ட காலம் வாழ்வது நம் காலத்தில்தான் பரவலாகச் சாத்தியமாகியிருக்கிறது. பாட்டி காலத்துக் கூட்டுக் குடும்பம் என்று நாம் ஏங்குவது பெரும்பாலும் நிலமும் சாதி உயர்வும் இருந்த வீடுகளின் நினைவு. கூலிக்குப் போன குடும்பங்களில் பிரிக்கவும் சொத்தில்லை, சேர்த்து வைக்கவும் சொத்தில்லை.

சென்னைக்கும் இந்தத் துறையில் ஓர் இடமுண்டு. மில்டன் சிங்கர் 1960-களில் இங்கே 19 தொழிலதிபர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். ஆலை வைத்தவர்கள் குடும்பத்தை உடைக்கவில்லை, அலுவலகத்துக்கு ஒரு முறையும் வீட்டுக்கு ஒரு முறையும் வைத்துக்கொண்டார்கள் என்பது அவர் முடிவு. நல்ல ஆய்வுதான். ஆனால் அது கம்பெனி நடத்திய ஆண்களின் பார்வை. வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பழைய முறையை நாள்தோறும் நடத்திக் காட்டியவர்கள் யார் என்ற கேள்வி அதில் அழுத்தம் பெறவில்லை.

அதற்கு முன்பே, 1953-இல், ஐராவதி கார்வே தம் உறவுமுறை நூலில் ஒரு வழியைத் திறந்திருந்தார். வடக்கே பெண் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகிறாள். தெற்கே அத்தை வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ போகிறாள் என்று அவர் காட்டிய வேறுபாடு, தலைமுறை பற்றிய பேச்சுக்கு மிக முக்கியம். மாமியார் அத்தையாக இருந்தால் அவள் கொடுமைக்காரியாக மாட்டாள் என்றில்லை. ஆனால் சொல்லி அழ ஒரு பாட்டியாவது அந்த வீட்டில் இருப்பாள். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் உறவில் மணந்த பெண்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு. இந்தியாவில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. ஆனாலும் நம் ஊரில் இப்போது பெரும்பாலான பெண்கள் அந்நியர் வீட்டுக்குத்தான் மருமகளாகிறார்கள். படித்த இளம்பெண் தனிக்குடித்தனம் கேட்பதைச் சுயநலம் என்று பேசுவோர் இந்த மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரே குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்பப் போன இரண்டு ஆய்வுகளை நான் மற்றவற்றுக்கு மேலாக மதிக்கிறேன். லீ மின்டர்ன் 1950-களில் உத்தரப் பிரதேசத்தின் காலாப்பூரில் ராஜபுத்திரப் பெண்களை ஆராய்ந்தார். ஆண்களுக்குத் தனிக் கட்டடம், பெண்களுக்கு முற்றம், பெரியவர்கள் முன் முக்காடு. இருபது ஆண்டு கழித்து அதே முற்றங்களுக்குப் போனார். முக்காடு தளர்ந்திருந்தது. அன்று மருமகளாகப் பார்த்தவர்கள் இப்போது மாமியார்கள். முதல் முறை ஒருத்தி சொன்னதையும், அதிகாரம் கைக்கு வந்த பிறகு அவளே சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேறு எந்த வழியும் இல்லை.

சூசன் சீமோர் 1960-களின் நடுவில் புவனேசுவரத்தில் 24 குடும்பங்களோடு தொடங்கினார். பாதி பழைய ஊரில், லிங்கராஜர் கோயிலைச் சுற்றி. பாதி அரசு ஊழியர் குடியேறிய புதுத் தலைநகரில். இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்தார்; நூல் 1999-இல் வந்தது. அவர் காட்டும் செய்தி நம் வழக்கமான எண்ணத்தைத் திருப்பிப் போடுகிறது. மகள்கள் கல்லூரிக்குப் போனதும் தாமதமாக மணந்ததும் தாய்களை எதிர்த்து அல்ல. இளவயதில் மணமாகி வந்த தாய்மாரே தாங்கள் இழந்ததை மகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். புதிய தலைமுறை என்று நாம் சொல்வதைப் பழைய தலைமுறைதான் உருவாக்கியது.

இப்போது பெரிய கணக்கெடுப்புகளுக்கு வருவோம். பியூ ஆய்வு மையம் 2019–20-இல் கிட்டத்தட்ட 30,000 இந்தியரைக் கேட்டது. கணவன் சொல்லுக்கு மனைவி எப்போதும் கட்டுப்பட வேண்டும் என்பதை 87 விழுக்காட்டினர் முழுதாகவோ பெரும்பாலுமோ ஏற்றார்கள். ஈமச் சடங்கு முதன்மையாக மகனின் பொறுப்பு என்றவர்கள் 63 விழுக்காடு. 18–34 வயதினர் இவற்றில் மூத்தவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை. பத்திரிகைகள் ‘இளைஞர்களும் பழைமைவாதிகளே’ என்றன. எனக்கு அவ்வளவு அவசரமில்லை. வாசலில் வந்து கேட்கும் அந்நியருக்கு ஊர் ஒப்பும் பதிலைத் தருவது நம் வழக்கம். தவிர, ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு வயதையும் தலைமுறையையும் பிரித்துக் காட்டாது. இன்று இருபத்தைந்து வயதுக்காரர் சொல்வது அவர் வயதின் பேச்சா, காலத்தின் பேச்சா? இருபது ஆண்டு கழித்து அவரையே கேட்டால்தான் தெரியும்.

கருத்தை விட்டுவிட்டு நடப்பைக் கேட்டால் வேறு படம் கிடைக்கிறது. இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின் தரவைக் கொண்டு கீரா ஆலன்டார்ஃபும் ரோஷன் பாண்டியனும் 2016-இல் எழுதிய கட்டுரையின்படி, பெற்றோர் பார்த்த கல்யாணம் ஒழியவில்லை. தாமே தேர்ந்தவர்கள் இன்னும் சிறுபான்மை. மாறியது பெண்ணிடம் கேட்பது. அவள் சம்மதமும் சேர்ந்து முடிவாகும் கல்யாணங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கூடியிருக்கின்றன. பதினெட்டு கிராமத்து வாத்திமர் என்னும் தமிழ்ப் பிராமணப் பிரிவை ஆராய்ந்த சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2008-இல் இதையே நுணுக்கமாகக் காட்டினார்கள். சாதிக்குள்தான் வரன், ஆனால் பையனும் பெண்ணும் பேசிப் பார்த்து, ஒத்துவரும் என்று சொன்ன பிறகுதான் நிச்சயம். சாதி அரண் அப்படியே நிற்க, உள்ளே காற்றோட்டம் கூடியிருக்கிறது. இதை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு.

முதியோரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கொல்கத்தா முதியோர் இல்லங்களை ஆராய்ந்த சாரா லாம்ப், மகன் கைவிட்டதாக அழுபவர்களை மட்டுமல்ல, யாருக்கும் சுமையாக இராமல் இருப்பதில் நிம்மதி கண்டவர்களையும் சந்தித்தார். பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோர 2007-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மகனிடம் உரிமையாக எதிர்பார்த்ததை மனுப்போட்டுக் கேட்கும் நிலை.

தலைமுறையைப் பிறந்த ஆண்டைக் கொண்டு, அமெரிக்காவில் ஒட்டிய பெயர்களால் வெட்டுவது இங்கே பயன்படாது. சட்டம் வெட்டிய கோடு ஒன்றைப் பாருங்கள். 1989-இல் தமிழ்நாடு இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவளுக்கு இல்லை. ஒரே வீட்டில் 1988-இல் தாலி ஏறிய அக்காளுக்குப் பங்கில்லை, 1990-இல் ஏறிய தங்கைக்கு உண்டு. 2005-இன் மத்தியச் சட்டம் அந்தக் கோட்டை அழிக்கும்வரை இந்தச் சகோதரிகள் இரு வேறு தலைமுறையினர். இந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்ற பெண்கள் இன்று ஐம்பதைக் கடந்திருக்கிறார்கள். பிறந்த வீட்டை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விரிவாகக் கேட்டு எழுதிய நூல் ஒன்று தமிழில் வர வேண்டும்.

விடுபட்டது மருமகளின் குரல் மட்டுமல்ல. முஸ்லிம் குடும்பங்கள் பற்றி இம்தியாஸ் அகமது தொகுத்த நூல் 1976-இல் வந்தும், பொதுப் பேச்சில் இந்தியக் குடும்பம் என்றால் இந்துக் குடும்பம்தான். மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே தங்கும் காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் மாமியார்–மருமகள் சண்டை என்பதற்கே வேறு பொருள்.

நம் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்காக ஆண்டுதோறும் புதிதாக நூறு பேரிடம் படிவம் நிரப்புவதை நிறுத்திவிட்டு, ஒரு தெருவின் இருபது குடும்பங்களைத் தேர்ந்து, பாட்டி, தாய், மகள், மருமகள் எல்லோரையும் தனித்தனியே, மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்கு மீண்டும் போங்கள்.