நாட்டுப்பாட்டும் ஆறு தந்தியும்: கிட்டார் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது?

ஒரு குரல், ஒரு கிட்டார் என்ற அளவில் நாட்டுப்பாடலை மேடையேற்றும்போது பாட்டு இரண்டு துணைகளை இழக்கிறது. நடவு வயலிலும் கும்மியிலும் அடியை வாங்கிப் பாடும் கூட்டம் மேடையில் இல்லை. நடையைத் தாங்கும் கைத்தட்டலும் பறையும் இல்லை. இந்த இரண்டு இடத்தையும் கிட்டார் எப்படி நிரப்புகிறது என்பதை வைத்தே இத்தகைய கச்சேரியை எடைபோட வேண்டும்.

முதல் சோதனை சுருதி. கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்கு 12 ஃபிரெட். ஸ்வரங்கள் அந்தந்த இடத்தில் கட்டுண்டவை. ஒப்பாரி பாடுபவரின் காந்தாரமோ இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே இழைந்து இறங்கும். அந்த நேரத்தில் காந்தாரம் கலந்த முழுக் கார்டை மீட்டினால் குரலும் தந்தியும் உரசும். பாடுபவர் தம்மை அறியாமலே கிட்டாருக்குப் பணிந்து குழைவைக் கைவிடுவார். தேர்ந்த வாசிப்பாளர் ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிக்கொள்கிறார். கீழ் மூன்று தந்திகளும் ச-ப-ச என நின்று தம்புராவின் வேலையைச் செய்யும். இது இரண்டு கட்டைச் சுருதி. பாடுபவருக்கு ஐந்து கட்டை வேண்டுமானால் ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் போதும்.

அடுத்தது நடை. கும்மிக்கும் பல தாலாட்டுகளுக்கும் திஸ்ரம் இயல்பாகப் பொருந்தும். கட்டைவிரல் கீழ்த் தந்தியில் முதல் அடியைக் கொடுக்க, மற்ற விரல்கள் மீதி இரண்டைத் தொட்டால் தொட்டில் ஆடும். ஒப்பாரிக்குக் கட்டான தாளமே கிடையாது. பாடுபவரின் மூச்சுதான் கணக்கு. அங்கே இடைவிடாமல் மீட்டுவது பெரும்பிழை. ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, அடி முடியும்வரை கையை எடுத்துவிடுவதே நல்ல வாசிப்பு. நடவுப் பாட்டில் நிலைமை நேர்மாறு: கூட்டம் திருப்பிப் பாட வேண்டிய இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லியாக வேண்டும்.

நாட்டுப்பாட்டும் கிட்டாரும் இணைவதற்கு உலக மேடையில் முன்னோடிகள் உண்டு. ஸ்பெயினின் மானுவெல் டி ஃபாயா 1914-இல் ஏழு நாட்டுப்பாடல்களைக் குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்தார். கிட்டார் கலைஞர் மிகேல் லொபேத் அவற்றைக் கிட்டாருக்கு மாற்றினார். இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன், பாடகர் பீட்டர் பியர்ஸும் கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீமும் சேர்ந்து நிகழ்த்துவதற்காக அமைத்த ஆறு பாடல்கள் 1961-இல் வெளிவந்தன. தமிழில் இந்த இணைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் இளையராஜா. கிளாசிக்கல் கிட்டார் பயின்றவர். இசையமைப்பாளர் சலில் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்தவர். 1976-இல் வந்த 'அன்னக்கிளி' முதலே நாட்டு மெட்டின் போக்கைக் கெடுக்காமல் மேற்கத்திய இசைக்கோவையை அதற்கடியில் ஓடவிட்டார். ஆனால் அவர் கையில் ஒரு வாத்தியக் குழுவே இருந்தது. தனிக் கிட்டாருக்கு அந்த வசதி இல்லை. குறைத்து வாசிப்பதே அதற்குப் பலம்.

மெட்டை எங்கிருந்து எடுப்பது என்பது கடைசிச் சோதனை. கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' போன்ற தொகுப்புகள் சொல்லைக் காத்துத் தந்தன. மெட்டின் நெளிவு பாடுபவர் தொண்டையில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் தொடக்கமான அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஊர்கள். பெயர் எப்படியிருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ். அங்கே பாட்டு ஆட்டத்தோடும் மே மாதச் சேர்வராயன் திருவிழாவோடும் பிணைந்தது. அத்தகைய பாட்டைக் கிட்டாருக்குக் கொண்டுவருபவர் முதலில் அதை ஆட்டத்தோடு கேட்டிருக்க வேண்டும். எந்த ஊரில், யாரிடம் கேட்டது என்பதை, அவர்கள் சம்மதத்தோடு, மேடையில் சொல்லவும் வேண்டும். கார்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இந்த இரண்டுமே கச்சேரியின் தரத்தை உயர்த்தும்.