பிளாப்பி இயக்கி: அமைவிடமும் நம்பகத்தன்மையும்

பிளாப்பி இயக்கி என்பது நெகிழ்வட்டில் தரவை எழுதவும் படிக்கவும் பயன்பட்ட கருவி ஆகும். பழைய வீட்டுக் கணினிகளில் நம்ப முடியாத உறுப்பு என்று இது பெயரெடுத்தது. அந்தப் பழியில் ஒரு பகுதியே இயக்கிக்கு உரியது. மீதி, அதை எங்கே பொருத்துவது என்று முடிவுசெய்தவர்களுக்கு உரியது.

செயல்பாடும் பலவீனமும்

வன்தட்டில் காந்தமுனை தட்டைத் தொடாமல் மிதக்கும். பிளாப்பியிலோ முனை வட்டை உரசியபடியே படிக்கும். எனவே முனையில் ஒட்டிய தூசி வட்டின் பூச்சைச் சுரண்டிவிடும். முனை தடத்திலிருந்து சற்று விலகினால், அந்த இயக்கி தான் எழுதியதைத் தானே படிக்கும்; வேறு இயக்கியால் படிக்க இயலாமல் போகலாம். வீட்டில் எழுதிய பாடம் கல்லூரிக் கணினியில் திறக்காததற்கு இது ஒரு காரணம்.

அமைவிடங்கள்

கமடோர் 64 கணினிக்கான 1541 இயக்கி (1982) தனிப்பெட்டியில் வந்தது. ஆனால் மின்மாற்றியும் அதே பெட்டிக்குள் இருந்ததால் சூடேறியது. பின்னர் வந்த 1541-II மாதிரியில் மின்வழங்கி வெளியே மாற்றப்பட்டது. முதல் அமைப்பு தவறு என்பதற்கு இதுவே சான்று.

ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ 8256 (1985) இயக்கியைத் திரைப் பெட்டிக்குள் வைத்தது. மேசை அழகாக இருந்தது. ஆனால் தேய்ந்த ரப்பர் பட்டையை மாற்ற, உயர் மின்னழுத்தப் படக்குழாய் உள்ள பெட்டியையே திறக்க வேண்டும்.

1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவுக்கு இயக்கி தனியாக இணைக்கப்படும். கம்பிகள் தொங்கும், இணைப்பு தளரும். ஆனால் பழுதான இயக்கியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிது.

பீளமேட்டுச் சூழலில்

ஐபிஎம் பிசி (1981) வகைக் கணினிகளில் மின்வழங்கியின் விசிறி காற்றை வெளியே தள்ளும். அதற்கு ஈடான காற்று, முன்பக்க இடுக்குகள் வழியாக, பிளாப்பி வாய் வழியாகவும், உள்ளே நுழையும். நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த பீளமேடு போன்ற ஊரில், பஞ்சுத் துகளையும் மண் தூசியையும் முனைக்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டுக் கணினி ஆய்வகங்களில் செருப்பை வெளியே விடச் சொன்ன வழக்கம் வெறும் சடங்கன்று. ஆனால் வீட்டில், சன்னலோர மேசையில் இருந்த கணினிக்கு அந்தக் காப்பு கிடையாது.

மதிப்பீடு

உள்ளே பொருத்திய இயக்கி மலிவு, கச்சிதம். ஆயினும் அந்த வசதிக்கான விலையைச் செலுத்தியவர் பயனர்தான்; அவர் இழந்தது தம் கோப்புகளை. பழைய வட்டு ஒன்று இன்று திறக்கவில்லை என்பதால் அதை எறிந்துவிடக் கூடாது. முனையைத் துடைத்து, வேறோர் இயக்கியிலும் பார்த்த பின்பே அது பழுது என்று முடிவுசெய்ய வேண்டும்.