வடமீனும் சிறுமீனும்: சங்கப் பாடல்களின் அருந்ததி உவமை குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தில் மகளிர் கற்பிற்கு உவமையாகும் வடமீன், இன்று அருந்ததி–வசிட்டன் என்னும் இரட்டை விண்மீன்களின் இணைவாழ்வுக்குச் சான்றாக விளக்கப்படுகிறது. இவ்விளக்கத்திற்குப் பாடல்களில் இடமுண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உவமையின் பொதுத்தன்மை, பாடற்சூழல், வானியல் உண்மை ஆகிய மூன்றும் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: வடமீன், சிறுமீன், செம்மீன், அருந்ததி, கற்பு, உவமவியல், காவலூர்.

முன்னுரை

‘பிற விண்மீன்களில் ஒன்று நிற்க மற்றொன்று அதனைச் சுற்றும், அருந்ததியும் வசிட்டனும் மட்டும் ஒன்றையொன்று சுற்றிவரும். இதனை நம் முன்னோர் அறிந்தே மணமக்களுக்குக் காட்டினர்’ என்னும் கூற்று மேடைகளிலும் திருமண வாழ்த்துரைகளிலும் பெருவழக்காகிவிட்டது. சங்கப் பாடல்களின் வடமீனும் இக்கூற்றுக்குச் சான்றாக அழைக்கப்படுகிறது. மணமக்களின் சமநிலையைப் போற்றும் நல்லெண்ணம் இதன் பின்னே இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும், நல்லெண்ணம் பாடலின் பொருளை நிறுவிவிடாது.

வானியல் நிலை

சப்தரிசி மண்டலத்தின் வால்பகுதியில் நடுவில் உள்ள ஒளிமிக்க விண்மீன் வசிட்டன் (மிசார்). அதனருகே மங்கலாகத் தெரிவது அருந்ததி (அல்கோர்). முன்னது ஏறத்தாழ 2.2 ஒளித்தரமும் பின்னது ஏறத்தாழ 4 ஒளித்தரமும் உடையவை. இவற்றின் இடைவெளி சுமார் 12 கலை; முழுநிலவின் விட்டத்தில் பாதிக்கும் குறைவு. தொலைவு ஏறத்தாழ 80 ஒளியாண்டுகள்.

வசிட்டன் ஒற்றை மீனன்று என்பது 17ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கியால் தெரிந்தது. அவ்விரு கூறுகளுள் முதலாவது தானும் இரட்டை என்பது 1889இல் நிறமாலை ஆய்வால் அறிவிக்கப்பட்டது. மற்றதும் அவ்வாறே இரட்டை என்பது 1908இல் புலப்பட்டது. அருந்ததிக்கும் ஒரு மங்கிய துணைமீன் உண்டு என்பது 2009இல்தான் கண்டறியப்பட்டது. எனவே வெறுங்கண்ணுக்கு இரண்டாகத் தெரிவது உண்மையில் ஆறு விண்மீன்களின் தொகுதி. இரட்டை விண்மீன்கள் எவையாயினும் பொதுவான நிறைமையத்தையே சுற்றுகின்றன. அது அருந்ததிக்கு மட்டும் உரிய சிறப்பன்று. வெறுங்கண்ணால் அச்சுழற்சியைக் காணவும் இயலாது.

ஆற்காட்டுப் பகுதியின் சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 12.5 பாகை வட அகலாங்கில் உள்ள அவ்விடத்திலிருந்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும்: வடமீன் துருவமீன் போல என்றும் நிலைத்திருப்பதன்று, உதித்து மறைவது. கார்த்திகை, மார்கழி மாதங்களின் முன்னிரவில் அது தொடுவானத்திற்குக் கீழே இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வடதுருவத்திற்கு இன்றைவிடச் சுமார் 10 பாகை நெருங்கியிருந்தது. அப்போதும் தமிழகத்து வானில் அது மறையவே செய்தது. ஆகவே ‘என்றும் அசையாத மீன்’ என்பதை உவமையின் அடிப்படையாகக் கொள்வதும் பொருந்தாது.

பாடல்களின் சான்று

தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படைகளைக் கூறுவார். ‘ஒன்றையொன்று சுற்றுதல்’ உவமையின் பொதுத்தன்மை எனின் அது வினையுவமமாதல் வேண்டும். பாடல்களில் அவ்வினை யாண்டும் சுட்டப்படவில்லை.

புறநானூறு 122இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியின் மனைவிக்கு வடமீனை உவமையாக்குகிறார். நாடும் பொருளும் பிறர்க்குரியவாக, அவளொருத்தியே அவனுக்கு உரியவள் என்பது பாடலின் கருத்து. கலித்தொகையின் இரண்டாம் பாடலில் வடமீன் தொழுது ஏத்தப்படுவது. தொழப்படுதலும் விளங்குதலுமே அங்குப் பொதுத்தன்மை. தலைவன் பொருள்வயிற் பிரியக் கருதும் சூழலில் தோழி அவ்வுவமையை எடுத்தாள்கிறாள். ஐங்குறுநூறு 442இல் பேயனாரின் தலைவன் போர்ப் பாசறையில் இருந்துகொண்டு, புதல்வனின் தாயாகிய மனைவியை அருந்ததிக்கு ஒப்பிடுகிறான். இவ்விரண்டு அகப்பாடல்களிலும் உவமை எழுவது பிரிவை ஒட்டி என்பது கருதத்தக்கது. இணைந்திருத்தலைக் காட்டவே உவமை தோன்றியது எனின், பிரிவுச் சூழலில் அது வருவதற்கு விளக்கம் கூறுதல் அரிது.

பதிற்றுப்பத்து 31இல் சேரனின் தேவி ‘செம்மீன்’ போன்றவள் எனப்படுகிறாள். இதனை அருந்ததி எனக் கொள்ளும் உரைமரபு உண்டு. அருந்ததி வெண்ணிற மீனாதலின், ‘செம்’ என்னும் அடையை ஈண்டு நிறமாகக் கொள்ளாது செம்மைப் பண்பாகக் கொள்வதே பொருந்தும். புறநானூறு 60இல் வரும் செம்மீனுக்கு நிறப்பொருள் இயல்பாக அமைவதை இதனோடு ஒப்பிடலாம். மேலும் சேரமாதேவி ஒப்புநோக்கப்படுவது விண்ணுலக மகளிரோடு. ஆண்மீன் ஒன்று அவ்வொப்பீட்டில் இல்லை.

இவற்றுள் தனிச்சிறப்புடையது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனின் நாட்டைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்தணர் மனையில் உணவு சமைக்கும் பெண்ணை வடவானில் விளங்கும் ‘சிறுமீன்’ போன்றவள் என்கிறார். ஆற்காட்டு நிலம் தொண்டை நாட்டைச் சார்ந்தது; இது இம்மண்ணின் வானத்தைக் கண்டு எழுந்த சொல்லாதல் கூடும். ‘சிறு’ என்னும் அடை அருகிலுள்ள பெருமீனைக் கண்ட கண்ணுக்கே தோன்றும். புலவர் இரண்டையும் கண்டிருக்கிறார். ஆயினும் பெருமீனைப் பேசாமல் விட்டு, சிறியதன் விளக்கத்தையே உவமையாக்குகிறார்.

தடையும் விடையும்

‘அருந்ததி என்ற பெயர் வந்த அளவிலேயே வசிட்டன் கதையும் உடன்வரும் அன்றோ?’ எனலாம். கதை அறியப்பட்டிருக்கலாம் என்பது உடன்பாடே. அறியப்பட்டது வேறு, உவமைக்கு அடிப்படையாக்கப்பட்டது வேறு. அகநானூறு 86, 136 ஆகிய மணப்பாடல்கள் திங்களும் உரோகிணியும் கூடிய நன்னாளைக் குறிக்கின்றன. அருந்ததி காட்டும் சடங்கு அவற்றில் இல்லை. சிலப்பதிகாரம் கண்ணகியை வடமீனுக்கும் ‘சாலி’க்கும் ஒப்பிடினும், அம்மீனை மணமக்களுக்குக் காட்டியதாகக் கூறவில்லை.

மறுதலையாக, சங்க உவமையைப் பெண்விடுதலைக் குரலாகக் கொள்வதும் மிகையாகும். உவமையில் கணவன் மீன் இல்லை. உவமிக்கப்படும் பெண்ணின் வாழ்வில் கணவன் உண்டு. கற்பு என்னும் கருத்தே அவனைச் சார்ந்தது. நாம் கூறத்தக்கது இவ்வளவே: பெண்ணின் ஒளி கணவனிடமிருந்து பெற்றதாக இப்பாடல்கள் கூறவில்லை.

இவ்வேறுபாடு சிறிதன்று. மனுநூலின் ஒன்பதாம் இயல், கடலில் கலக்கும் ஆறுபோல மனைவி கணவனின் குணத்தை அடைவாள் என்று கூறி, தாழ்ந்த பிறப்பினளாகிய அட்சமாலை வசிட்டனைச் சேர்ந்து மதிப்புப் பெற்றதை எடுத்துக்காட்டாக்குகிறது. அட்சமாலையை அருந்ததியாகவே கொள்ளும் மரபும் உண்டு. அங்கே பெருமீனின் ஒளிதான் சிறுமீனுக்கு வந்தது. அருந்ததியின் பெயரைத் தோல்தொழிலோடு பிணைத்து இழிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பெயராக ஏற்றுள்ளது. அருந்ததியர் மிகுதியாக வாழ்வது கொங்குப் பகுதியில். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்களில் உழைப்போர் பல சமூகத்தவர். ஆயினும் தோலைப் பதப்படுத்தும் கைகள் எவ்வாறு மதிக்கப்பட்டன என்பது இப்பகுதி நன்கறிந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. பெருந்தொகுதிக்குள் மங்கிய ஒன்றைத் தனியே காணவேண்டும் என்ற கோரிக்கையின் பயன் அது. அருந்ததியை வசிட்டனின் இணையாக மட்டும் வாசிப்போர், அப்பெயரைத் தாங்கி நிற்போரையும் காணாது விடுகின்றனர்.

முடிவுரை

வடமொழித் தத்துவ நூல்கள் ‘தூல அருந்ததி நியாயம்’ என ஒன்றைக் கூறும். முதலில் அருகிலுள்ள பெருமீனை அருந்ததி எனக் காட்டி, கண் பழகியபின் அதனை விலக்கி, உண்மையான சிறுமீனைக் காட்டுவது அது. இலக்கிய ஆய்வுக்கும் இம்முறை பொருந்தும். இரட்டை விண்மீன் அறிவியல் என்னும் பெருமீன் மாணவரை வானை நோக்கச் செய்யுமாயின் நன்றே. அதனோடு நின்றுவிடலாகாது. சங்கப் புலவர் சுட்டியது நுண்ணியது: தொழப்படுதல், செம்மை, சிறுமையிலும் விளங்குதல். அவர்கள் அறியாத சுழற்சியை அவர்கள்மேல் ஏற்றுவதால் அவர்தம் பெருமை வளராது. வெறுங்கண்ணால் அவர்கள் கண்டதைக் கண்டவாறே ஏற்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மதிப்பாகும்.