போஸ்ட்கிரெஸ்: 32 டெராபைட் தாங்குமா?

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கையேட்டின்படி டேட்டாபேஸ் அளவுக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு டேபிளுக்கு மட்டும் 32 டெராபைட். ஒரு பக்கம் 8 கேபி, பக்க எண்ணுக்கு 32 பிட். பெருக்கினால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

லேப்டாப்பில் அதைத் தொட வழியில்லை. ஆனால் அதே பட்டியலில் உள்ள இன்னொரு வரம்பை, ஒரு டேபிளுக்கு 1,600 நெடுவரிசை என்பதை, உட்கார்ந்த இடத்திலேயே சோதிக்கலாம். சின்ன ஸ்கிரிப்ட் எழுதி 1,600 பிக்இன்ட் நெடுவரிசைகளோடு டேபிள் போட்டேன். முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றிலும் மதிப்பு வைத்து ஒரு பதிவை இன்சர்ட் செய்ததும் எரர்: பதிவு பெரிது, அதிகபட்சம் 8160 பைட். நியாயம்தான். ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் 12,800 ஆகிறது. ஒரு பதிவு ஒரு பக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும். பெரும்பாலானவற்றை நல் ஆக விட்டால் அதே டேபிளில் பதிவு ஏறிவிடுகிறது. இதில் ஒரு குசும்பும் உண்டு: டிராப் செய்த நெடுவரிசையும் அந்த 1,600 கணக்கில் சேரும்.

32 டெராபைட்டும் இதே ரகம்தான். நொடிக்கு 200 எம்பி வேகத்தில் அத்தனையையும் ஒருமுறை படிக்கவே இரண்டு நாள் ஆகும். பேக்கப்பிலிருந்து மீட்டு, இண்டெக்ஸ் கட்டி முடிக்கும்வரை வாடிக்கையாளர் காத்திருப்பாரா?

அதற்கு வெகு முன்னாலேயே பலரை மடக்குவது ஐடி எண். பிரைமரி கீயை இன்டிஜராக வைத்தால் 2,147,483,647-ல் கதை முடிந்தது. நொடிக்கு ஆயிரம் பதிவு வந்தால் 25 நாளுக்குள் அங்கே போய் நிற்போம். பிறகு பிக்இன்ட்டுக்கு மாற்ற ஆல்டர் கொடுத்தால் மொத்த டேபிளையும் திருப்பி எழுதும். அதுவரை யாரும் படிக்கக்கூட முடியாது. புது டேபிள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிக்இன்ட் போடுங்கள்.

என் கணிப்பில், ஓரளவு நல்ல சர்வரில் ஒரே டேபிளில் சில நூறு ஜிபி வரை கவலையில்லை. லாக் மாதிரி வளர்ந்துகொண்டே போகும் தரவு என்றால் முதல் நாளே மாதவாரியாகப் பார்ட்டிஷன் பிரித்துவிடலாம். 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய மாதத்தை டிராப் செய்வது கண்சிமிட்டும் வேலை. அதையே டெலீட் போட்டு அழித்தால், செத்த பதிவுகளை வேக்யூம் வந்து கூட்டிப் பெருக்க வேண்டும். டிஸ்க் இடமும் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது.